பால் பல் முதல் எலித் தொட்டில் வரை: பதின்வயது மூளை ஆய்வின் பின்கட்டில் ஒரு சுற்று

நம் ஊரில் பால் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் பொதித்துக் கூரைமேல் எறிவோம். அமெரிக்கக் குழந்தைகள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். ஆனால் அங்கே சில வீடுகளில் விழுந்த பல் ஆய்வாளர்களின் கைக்குப் போயிருக்கிறது! ஆமாம், அதே குட்டிப் பால் பல்தான். அதை நுணுக்கமாக வெட்டி, லேசர் ஒளியால் துளித்துளியாகச் சுரண்டி, அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள். குழந்தை பிறந்த சமயத்தில் பல்லுக்குள் மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா வயிற்றில் இருந்த காலம், இந்தப் பக்கம் பிறந்த பிறகான காலம். எந்தெந்தக் கட்டத்தில் எந்த உலோகம், எந்த ரசாயனம் அந்த உடம்புக்குள் வந்தது என்பதற்கான தடயம் அதில் இருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்படியொரு பரவசம். எதற்காக இத்தனை மெனக்கெடல்? குடி, புகை, கஞ்சா போன்றவை வளரும் பிள்ளையின் மூளையை என்ன செய்கின்றன என்று கண்டுபிடிக்கத்தான். கேள்வி எளிமையாகத்தான் தெரிகிறது. அதற்குப் பதில் தேடுகிறவர்களின் பின்கட்டுக்குள் நுழைந்து பார்த்தால்தான் எவ்வளவு அழகான, எவ்வளவு பொறுமையான வேலை அங்கே நடக்கிறது என்று புரியும். வாருங்கள், உள்ளே போகலாம்!

பல் சேகரித்த இந்தத் திட்டத்தின் பெயர் ஏபிசிடி. பதின்வயது மூளையின் வளர்ச்சியையும் அறிவுத்திறன் வளர்ச்சியையும் பின்தொடரும் ஆய்வு இது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் போடுகின்றன. 2016 முதல் 2018 வரை ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளாகத் தேடிச் சேர்த்தார்கள். 21 மையங்கள், கிட்டத்தட்ட 11,880 குழந்தைகள். அவர்களில் 800-க்கும் மேற்பட்ட இரட்டைச் சோடிகள்! எது பரம்பரை, எது வளர்ப்பு என்று பிரித்துப் பார்க்க இரட்டையரைவிட நல்ல வழி ஏது? இந்தப் பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்வது என்பது திட்டம். ஆண்டுதோறும் கேள்விகளும் சோதனைகளும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூளைப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு ஒன்பது வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை இன்றைக்குக் கல்லூரி வாசலில் நிற்கிறது.

ஒன்பது வயதில் ஏன் தொடங்க வேண்டும்? குடிக்கத் தொடங்கிய பிள்ளையின் மூளையை மட்டும் படம் எடுத்தால், அதில் தெரியும் வித்தியாசம் குடியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. முதல் மிடறுக்கு முன்னாலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிறகு ஒப்பிட முடியும். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது. எவ்வளவு எளிமை, எவ்வளவு சாமர்த்தியம்!

அந்த முதல் மிடறைப் பற்றியே தனிக் கேள்விகள் இருக்கின்றன. எத்தனை வயதில் சுவைத்தாய், என்ன பானம், யாருடைய டம்ளர், அவர்களே கொடுத்தார்களா, தெரியாமல் எடுத்தாயா என்றெல்லாம் போகும். கேட்கும் முறை இன்னும் அருமை. ஒரு போதைப்பொருளைப் பற்றிக் குழந்தை கேள்விப்பட்டதே இல்லை என்றால் அதைப் பற்றி மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். தெரியாத பிள்ளைக்குத் தெரியாத சமாசாரத்தைக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாதே! பிள்ளை சொன்ன பதில் அப்பா அம்மாவுக்குப் போகாது. நீதிமன்றம் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை என்ற சட்டப் பாதுகாப்பும் அதற்கு இருக்கிறது. இந்த மரியாதை இருப்பதால்தான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். முதல் சுற்றிலேயே ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள் மதுவை ஒருமுறையாவது சுவைத்திருந்தது தெரியவந்தது. வெறும் ஒரு வாய்தான். ஒரு முழு டம்ளர் குடித்த குழந்தை மிக அபூர்வம். ஆனாலும் ஒன்பது, பத்து வயது!

சரி, இனி படம் எடுக்கும் இடத்துக்குப் போவோம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்த வலிமை 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கு. உள்ளே டங்-டங், கிர்ர்ர் என்று காது கிழியும் சத்தம். அதற்குள் ஒன்பது வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்க வேண்டும். தலை ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கலங்கிப்போகும். எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? பக்கத்தில் ஒரு பொய்க் கருவி வைத்திருக்கிறார்கள்! அதே குழாய், அதே நகரும் படுக்கை, ஒலிப்பதிவில் அதே சத்தம். காந்தம் மட்டும் கிடையாது. முதலில் அதில் படுத்துப் பழக வேண்டும். பயம் போன பிறகுதான் நிஜக் கருவி. அதில் படுத்திருக்கும்போது தலை எவ்வளவு அசைகிறது என்று உடனுக்குடன் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளும் சில மையங்களில் உண்டு.

உள்ளே சும்மா படுத்திருப்பதில்லை, விளையாட்டு நடக்கிறது. திரையில் இளஞ்சிவப்பு வட்டம் வந்தால் காசு ஜெயிக்கும் வாய்ப்பு, மஞ்சள் சதுரம் வந்தால் காசு போகும் ஆபத்து. அடுத்து இலக்கு தோன்றிய கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 சென்ட், இன்னொன்றுக்கு 5 டாலர், நிஜக் காசு! அந்த ஆசையின்போது மூளையின் எந்தப் பகுதி விழித்துக்கொள்கிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. இன்னொரு விளையாட்டில் அம்புக்குறி வலப்பக்கமா இடப்பக்கமா என்று மளமளவென்று அமுக்கிக்கொண்டே போக வேண்டும். திடீரென்று மேல்நோக்கிய அம்பு வந்தால் கையை நிறுத்திவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிளம்பிவிட்ட கையை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம்! அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. முழு வளர்ச்சி பெறுவதில் மூளையிலேயே கடைசி வரிசையில் நிற்பதும் அதுதான். இருபதுகளின் நடுப்பகுதி வரை அங்கே வேலை முடிவதில்லை.

என்ன வேலை அது? பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற மருத்துவர் இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்புச் சந்திப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1979-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, குழந்தையின் முன்மூளையில் சந்திப்புகள் பெரியவர்களைவிட அதிகம். வளர வளரக் குறைகின்றன. பிறகு ஜே கீட் குழுவினர் 145 பிள்ளைகளை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 1999-ல் எழுதினார்கள்: முன்மூளையின் சாம்பல் பகுதி பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சம் தொட்டு, அதன்பின் இளைக்கிறது. இது தேய்மானம் இல்லை, மூளை செய்துகொள்ளும் கவாத்து! வேண்டாத கிளையை வெட்டி, வேண்டியதை வலுவாக்குகிறது. கூடவே நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை ஏறி, செய்தி வேகமாக ஓடும் வெள்ளைப் பகுதி பெருகுகிறது. பதின்வயது முழுக்க இந்த இரண்டு வேலையும் ஒருசேர நடக்கின்றன. அதன் நடுவில்தான் சாராயம் வந்து விழுகிறது.

இங்கே ஒரு சிக்கல். பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடாது. 1983-ல் அமெரிக்காவில் எட்டிலிருந்து பதினைந்து வயது வரையான பையன்களுக்கு மது கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத காரியம். அதில் ஆய்வாளர்களே அசந்துபோன விஷயம், பெரியவர்களைப் போதையில் தள்ளும் அளவு கொடுத்தும் பையன்களின் நடத்தையில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பது. அப்படியானால் பிள்ளைகளுக்கு மது ஒன்றும் செய்வதில்லையா? இந்தப் புதிரை அவிழ்த்தவை எலிகள்.

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழகம். லிண்டா ஸ்பியர் என்ற ஆய்வாளரின் கூடம். எலிக்கும் பதின்வயது உண்டு என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் நிஜம். பிறந்த 28-ஆம் நாளிலிருந்து இரண்டு வாரம் போல அதற்குத் துடுக்கு வயது. அங்கே ‘வி’ வடிவத்தில் ஒரு தொட்டில். எலிக்கு மதுவை ஏற்றி, அது மயங்கியதும் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். கடிகாரம் ஓடுகிறது. நினைவு திரும்பியதும் எலி புரண்டு நான்கு காலில் நிற்கும். எவ்வளவு நேரம் ஆயிற்று? இவ்வளவுதான் சோதனை! வளர்ந்த எலி நெடுநேரம் அப்படியே கிடக்கிறது. பதின்வயது எலி சீக்கிரமே எழுந்து நின்றுவிடுகிறது. எழுந்த நேரத்தில் இரத்தத்தைப் பார்த்தால், வளர்ந்த எலி எழும்போது இருப்பதைவிட அதிக மது இன்னும் அதில் இருக்கிறது. மது வெளியேறிவிட்டதால் அது எழவில்லை. மது உள்ளே இருக்கும்போதே அதன் மூளை விழித்துக்கொண்டது.

கொஞ்சமாகக் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை. பதின்வயது எலி கூட்டாளிகளோடு கூடுதலாக விளையாடுகிறது, ஒட்டி உறவாடுகிறது. வளர்ந்த எலிக்கு அந்த உற்சாகம் வருவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தள்ளாட்டம், தூக்கம், ‘போதும்’ என்று உடம்பு தரும் எச்சரிக்கை எல்லாம் மங்கல். குஷி மட்டும் பிரகாசம். ‘எனக்கு ஏறவே இல்லைடா’ என்று பதினாறு வயதுப் பையன் பெருமையாகச் சொல்கிறானே, அது அவனுடைய திறமை இல்லை. அவனை நிறுத்த வேண்டிய மணி அவனுக்குள் இன்னும் சரியாக அடிக்கவில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் 1983-ன் அந்தப் பையன்களும் இந்தத் தொட்டில் எலிகளும் ஒரே கதையைச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உறங்க வைக்கவில்லை என்றால் மது வேறு எங்கே போய் அடிக்கிறது? வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழுவினர் எலி மூளையிலிருந்து ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை எடுத்தார்கள். புது நினைவுகள் பதியும் இடம் அது. அதை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத தடிமனில் சீவி, உப்புக் கரைசலில் ஆக்சிஜன் ஊட்டி, உயிரோடு வைத்திருப்பார்கள். வெளியே எடுத்த மூளைத் துண்டு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கிறது! அதில் மின்முனையால் சுருக்கென்று தூண்டினால் நரம்புச் சந்திப்பு வலுப்பெறும். கற்றல் என்பதன் மிகச் சிறிய வடிவம் இதுதான் என்று சொல்லலாம். அந்தக் கரைசலில் கொஞ்சம் மது கலந்தால், வளர்ந்த எலியின் துண்டைவிட இளம் எலியின் துண்டில் அந்த வலுவூட்டல் அதிகமாகத் தடைபடுகிறது. தண்ணீர்த் தொட்டியில் நீந்தி, மறைந்திருக்கும் மேடையைத் தேடி நினைவில் வைக்கும் சோதனையிலும் அப்படித்தான். மது உள்ளே போனால் பதின்வயது எலிதான் வழியைக் கூடுதலாகக் கோட்டைவிடுகிறது. கால் தள்ளாடவில்லை, நினைவு தள்ளாடுகிறது. ராத்திரி முழுக்க ஆடிப் பாடிய பையனுக்குக் காலையில் பாதி ராத்திரி ஞாபகத்தில் இல்லாமல் போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை.

எலியிலிருந்து மறுபடி பிள்ளைகளுக்கு வருவோம். என்கேண்டா என்று இன்னொரு ஆய்வு; ஐந்து மையங்கள், 12 முதல் 21 வயது வரை 831 பேர். ஒவ்வொரு ஊரிலும் கருவி வேறு, அளவு கொஞ்சம் மாறும் அல்லவா? அதைச் சரிபார்க்க ஒரே ஆட்களை மையம் மையமாக அனுப்பி, ஒவ்வொரு கருவியிலும் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள்! தம் மூளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு எழுந்து நின்று கை தட்டத் தோன்றுகிறது.

இந்தக் குழு 2018-ல் வெளியிட்ட முடிவுக்கு வருகிறேன். தொடக்கத்தில் குடிக்காத, அல்லது மிகக் குறைவாகவே குடித்த 483 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் அவர்களில் 65 பேர் மிதமாகவும் 62 பேர் அதிகமாகவும் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதிகம் குடித்தவர்களின் முன்மூளையில் சாம்பல் பகுதி, மற்றவர்களைவிட வேகமாக இளைத்திருந்தது. பெருக வேண்டிய வெள்ளைப் பகுதியோ மெதுவாகப் பெருகியிருந்தது. இளைப்பதுதான் இயல்பு என்றோமே, வேகமாக இளைத்தால் என்ன கெட்டது? முறையாக நடக்க வேண்டிய வெட்டு அவசரத்தில் நடந்தால் எந்தக் கிளை போகிறது என்று யார் பார்ப்பது? அதுதான் ஆய்வாளர்களின் கவலை, என் கவலையும் கூட.

‘அதிகம்’ என்றால் பீப்பாய் கணக்கில்லை. அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். பெரியவர்களுக்கு ஒரே அமர்வில் நான்கு, ஐந்து டிரிங்க் போனால் அளவு மீறல் என்கிறார்கள். 17 வயது வரையான பெண்பிள்ளைக்கு மூன்றே போதும். பையனுக்கும் வயதைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகிறார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவுதான் என்று 1997-லேயே ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. மேடைதோறும் முழங்கப்படும் எண் இது. ஆனால் சீக்கிரம் குடித்ததால் அடிமையானார்களா, அடிமையாகும் வாகு இருந்ததால் சீக்கிரம் குடித்தார்களா? ஐரோப்பாவின் இமேஜன் ஆய்வு 14 வயதில் எடுத்த மூளைப் படம், குணம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, 16 வயதில் யார் மிதமிஞ்சிக் குடிப்பார்கள் என்று ஏறக்குறைய 70 சதவீதம் சரியாகக் கணித்தது. 2014-ல் வந்த செய்தி. பத்து ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், ஏபிசிடியின் 9,804 பிள்ளைகளை வைத்து இன்னொரு கட்டுரை. 15 வயதுக்குள் மதுவையோ வேறு போதையையோ தொட்ட பிள்ளைகளின் மூளையில், தொடுவதற்கு முன்பே சில வித்தியாசங்கள் இருந்திருக்கின்றன. முன்மூளையின் புறணி என்ற வெளியடுக்கு கொஞ்சம் மெலிந்திருந்தது. மூளையின் மொத்தக் கனஅளவோ கொஞ்சம் பெரிதாக இருந்தது!

ஒன்பது வயதிலேயே படம் எடுத்து வைத்த அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு இது. இதைக் கேட்டுச் சிலர், ‘அப்படியானால் குடியின்மேல் பழி இல்லை’ என்று நிம்மதி அடையலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. சில பிள்ளைகள் ஆர்வமும் துணிச்சலும் கூடிய மூளையோடு வருகிறார்கள். அவர்கள்தான் முதலில் டம்ளரை எடுக்கிறார்கள். எடுத்த பிறகு மது தன் பங்கைச் செய்கிறது. இரண்டும் உண்மை. எலிக்கூடத்தில் யார் குடிக்க வேண்டும் என்று எலி முடிவு செய்வதில்லை, ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். அங்கேயும் பாதிப்பு தெரிகிறதே!

அந்த எலிக்கூடங்களில் ஒன்றிலிருந்து வந்த கடைசிச் செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. சிகாகோவில் இருக்கும் இலினாய் பல்கலைக்கழகம், சுபாஷ் பாண்டே குழு. பதின்வயது எலிகளுக்கு இரண்டு நாள் மது, இரண்டு நாள் ஓய்வு என்று இரண்டு வாரம். வார இறுதிக் குடியைப் போன்ற ஏற்பாடு! பிறகு மது கிடையாது. எலிகள் வளர்ந்து பெரிதாகின்றன. பெரிதான பிறகும் அவற்றுக்குப் பதற்றம் அதிகம், மதுவைக் கொடுத்தால் குடிப்பதும் அதிகம். காரணம் தேடினால், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் ‘ஆர்க்’ என்ற மரபணுவின் வேலை அடங்கிக் கிடக்கிறது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதைப் படிக்க விடாமல் மேலே பூட்டு விழுந்திருக்கிறது. 2022-ல் இந்தக் குழு, மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கருவியைத் திருத்தி, வெட்டாமல் பூட்டை மட்டும் தளர்த்தியது. எலிகளின் பதற்றம் தணிந்தது, குடியும் குறைந்தது! மதுவே அறியாத எலிகளுக்கு அதே இடத்தில் பூட்டைப் போட்டார்கள். அவற்றுக்குப் பதற்றம் வந்தது. திறந்தும் காட்டினார்கள், பூட்டியும் காட்டினார்கள். மனிதருக்கு இது மருந்தாக வர வெகுதூரம் போக வேண்டும். இருந்தாலும் பதின்வயதில் விழுந்த தழும்பு நிரந்தரம்தான் என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நம் நாட்டிலும் இந்தத் தேடல் நடக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தும் சி-வேதா திட்டத்தில் 6 முதல் 23 வயது வரை 9,000 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். பெங்களூரு, மைசூரு, சண்டிகர், கொல்கத்தா, இம்பால், ஆந்திரத்தின் ரிஷி வேலி என்று மையங்கள். நம் பிள்ளைகளின் சாப்பாடு வேறு, சூழல் வேறு, நெருக்கடிகள் வேறு. அமெரிக்கப் பிள்ளையின் படத்தை வைத்தே நம் பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் இந்த முயற்சி எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆய்வு இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கா 1984-ல் மது வாங்கும் வயதை நாடு முழுவதும் 21-க்குக் கொண்டுவரச் சட்டம் செய்தது. முக்கியக் காரணம் சாலை விபத்துகள். மூளைப் படங்கள் வந்தது பிறகுதான். தமிழ்நாட்டிலும் சட்டம் சொல்லும் வயது 21. ஆனால் கல்யாண வீட்டு மாடியிலும் திருவிழாக் கூட்டத்திலும் வயதை யாரும் கேட்பதில்லை. ‘ஆம்பளப் புள்ளடா, ஒரு வாய் குடிச்சுப் பாரு’ என்று டம்ளரை நீட்டும் மாமா, சித்தப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து நீட்டாதீர்கள். அப்பா அம்மாக்களே, இந்தப் பேச்சைப் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதிலேயே தொடங்குங்கள். மிரட்ட வேண்டாம், அந்தத் தொட்டில் எலியின் கதையைச் சொல்லுங்கள். பதின்வயதுத் தம்பி தங்கைகளே, குடித்த கூட்டாளி எழுப்பியும் எழவில்லை என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.